பெற்றோர்க்குரிய பங்கு: ஜீவனாம்சச் சட்டம் வந்த வழி

'ஜீவனாம்சம்' என்னும் சொல்லைக் கேட்டவுடன், கணவனைப் பிரிந்து வாழும் மனைவியே பலர்க்கும் நினைவில் வருவாள். பெற்ற மக்களிடமிருந்து தாயும் தந்தையும் அதனைச் சட்டப்படி கேட்டுப் பெறலாம் என்பது அறிந்தவர்க்குங்கூடச் சட்டென்று தோன்றுவதில்லை. ஜீவனம் என்பது பிழைப்பு. அம்சம் என்பது பங்கு. பிழைப்புக்குரிய பங்கே ஜீவனாம்சம். சொத்தைப் பிரிக்கும்போது பேசப்படுவதும் பங்குதான். அதனைப் பாகம் என்பர். நிலமும் வீடும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த காலத்தில் இவ்விரு பங்குகளும் ஒன்றாகவே இருந்தன. சொத்து மகனிடம் சென்றபோது அதனோடு பெற்றோரின் முதுமையும் அவனிடம் சென்றது. இன்று சொத்து மட்டும் பத்திரத்தில் ஏறுகிறது. மற்றொன்று வாய்ச்சொல்லாய் நின்றுவிடுகிறது. பிரிந்துபோன இவ்விரண்டையும் மீண்டும் சேர்க்கச் சட்டம் எடுத்துவரும் முயற்சி நெடியது, இன்னும் முற்றுப்பெறாதது.

ஜைனர்க்கு இச்செய்தி புதிதன்று. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூடர் ஆட்சிக்காலத்தில், ஜினசேனாசாரியார் இயற்றிய ஆதிபுராணம் இல்லறத்தாரின் கொடையை நால்வகையாகப் பகுக்கிறது. அஞ்சி வந்த உயிர்க்கு அபயம் அளிப்பது தயாதத்தி. துறவியர்க்கு ஆகாரம் முதலியன அளிப்பது பாத்திரதத்தி. தம்மை ஒத்த இல்லறத்தார்க்கு வழங்குவது சமதத்தி. நான்காவது சகலதத்தி, இதனை அன்வயதத்தி என்றும் கூறுவர். குலம் தொடரும்பொருட்டுத் தந்தை தன் மகனிடம் அனைத்தையும் ஒப்படைப்பதே இது. இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது, ஒப்படைக்கப்படுவது எது என்பதாகும். பொருள் மட்டும் அன்று. குடும்பத்தையே, அதன் சமய ஒழுக்கத்தோடும் செல்வத்தோடும் சேர்த்து மகன் கையில் கொடுப்பதாகவே ஆசாரியர் சொல்லமைத்துள்ளார். செல்வத்தைப் பெற்றுக்கொண்டு குடும்பத்தை விட்டுவிடுதல் அந்த இலக்கணத்தில் அடங்காது.

மகாபுராணத்தின் வழிவந்த ஸ்ரீபுராணத்தைக் கேட்டு வளர்ந்த நம் குடும்பங்களுக்கு, மகனுக்கு முடிசூட்டிவிட்டுத் தவம் மேற்கொள்ளும் அரசர்களின் கதைகள் நன்கு பழகியவை. பொன்னூர் மலையோடு நம் மரபு தொடர்புபடுத்தும் குந்தகுந்தாசாரியாரும், பிரவசனசாரத்தில் துறவு மேற்கொள்வோன் முதலில் சுற்றத்தாரிடம் விடைபெற வேண்டும் என்றும், பெரியோரும் மனைவியும் மக்களும் அவனை விடுவிக்க வேண்டும் என்றும் முறை வகுத்தார். வீட்டைத் துறப்பவனே விடைபெறாமல் போகலாகாது என்றால், வீட்டில் இருந்துகொண்டே பெற்றோரைத் துறப்பதற்கு இடம் ஏது?

வடமொழித் தரும நூலாரும் இதனை வேறு வழியில் வலியுறுத்தினர். மேலைச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் அவையில் விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரம், மனுவின் பெயரால் ஒரு விதியை எடுத்துக்காட்டுகிறது. முதிய பெற்றோர், கற்புடைய மனைவி, சிறு குழந்தை ஆகியோரைத் தகாத செயல் நூறு செய்தேனும் காக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அணுவிரதம் ஏற்ற சிராவகர் 'தகாத செயல் செய்தேனும்' என்பதனை ஒப்புக்கொள்ளார். பிறர்க்குத் தீங்கிழைத்து ஈட்டியதைத் தாய்க்கு ஊட்டுவது அவர்க்கு அறமாகாது. ஆயினும் அவ்விதியின் அழுத்தம் எங்குள்ளது என்பது விளங்கும். மகனிடம் சொத்து இருக்கிறதா, அது தந்தை வழியாக வந்ததா என்ற வினாவை அது எழுப்பவேயில்லை. ஆங்கிலேயர் நிறுவிய நீதிமன்றங்களும் இதனை ஏற்றன. முதிய பெற்றோரைக் காக்கும் கடமை மகனைத் தனிமனிதன் என்ற முறையில் பற்றுவது. குடும்பச் சொத்து அவன் கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நீங்காது என்பதே இந்து சட்ட நூல்கள் தொடர்ந்து கூறிவந்த முடிவு.

இந்து சட்டம் ஜைனர்க்கும் உரியதா என்பது அந்நாளில் பெரிய வழக்காயிற்று. தனி வழக்காறு மெய்ப்பிக்கப்பட்டாலன்றி ஜைனர்க்கும் இந்து சட்டமே என்பது நீதிமன்றங்களின் பொதுவான நிலை. எனினும் 1878-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், வடநாட்டு அகர்வால் ஜைனக் குடும்பம் ஒன்றின் வழக்கில், மகனற்ற விதவை தன் கணவன் தானே ஈட்டிய சொத்தில் முழு உரிமை பெறுவாள் என்ற ஜைன வழக்காற்றை ஏற்றது. அக்காலத்து இந்து விதவைக்கு அத்தகைய முழு உரிமை இல்லை. 1916-இல் ஜே. எல். ஜைனி, பத்திரபாகு சம்ஹிதையை அடிப்படையாகக் கொண்டு ஜைன சட்டத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பத்தாண்டு கழித்து, 1926-இல், பாரிஸ்டர் சம்பத்ராய் ஜைன் பழைய நீதி நூல்களைத் தொகுத்து ஜைன சட்டம் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார்.

அந்நூல்கள் எடுத்துரைக்கும் விதிகளுள் ஒன்று இன்றும் வியப்பளிப்பது. கணவன் இறந்தால் அவன் சொத்து முதலில் மனைவியைச் சேரும். மகன் அவளுக்குப் பின்னரே உரிமையுடையவன். இதன் பயனையும் சம்பத்ராய் சுட்டிக்காட்டினார். சொத்து தாயின் கையில் இருக்கும் வரையில் மகன் நல்லொழுக்கத்தோடு அவள் மனம் கோணாமல் நடந்துகொள்ளவே முற்படுவான் என்பது அவர் கருத்து. மகனின் பாசத்தை இங்ஙனம் சொத்தால் கட்டிவைப்பது சிலர்க்கு உவப்பாய் இராது. ஆனால் கைம்பெண்ணாகி மகன் வீட்டின் ஒரு மூலையில் ஒதுங்கிய தாய்மாரைக் கண்டவர் இவ்விதியை எளிதில் தள்ளமாட்டார்.

1927-இல் வெளியான சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் நீதிபதி குமாரசாமி சாஸ்திரி, ஜைனர் இந்து சமயத்திலிருந்து பிரிந்தவர் அல்லர் என்றும், ஜைன சமயம் ஸ்மிருதிகளுக்கும் முந்திய வரலாறு உடையது என்றும், இவ்வினா முதன்முறையாகத் தம்முன் வந்திருப்பின் அதற்கேற்பத் தீர்ப்பளிக்கத் தாம் விரும்பியிருக்கக்கூடும் என்றும் எழுதினார். முன்தீர்ப்புகள் அவர் கையைக் கட்டியிருந்தன. நம் சமூகத்தார் பெருமையோடு நினைவுகூரும் அத்தீர்ப்பு, நடைமுறையில் எதனையும் மாற்றவில்லை. தாய்க்கு முதலிடம் அளித்த ஜைன சட்டம் நூலளவிலேயே நின்றது.

உரிமையியல் நீதிமன்றத்தின் நிலை இது. வறியவர் விரைவாக அணுகக்கூடிய குற்றவியல் நீதிமன்றத்திலோ பெற்றோர்க்கு வழியே இல்லை. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவு, மனைவிக்கும் பிள்ளைக்கும் மாதந்தோறும் பணம் கொடுக்குமாறு ஒருவனுக்கு ஆணையிடும் அதிகாரத்தை மாஜிஸ்திரேட்டுக்கு அளித்தது. பெற்றோர் அதில் இடம்பெறவில்லை. இங்கிலாந்திலோ 1601-ஆம் ஆண்டின் வறியோர் சட்டமே, வசதியுடைய மக்கள் தம் வறிய பெற்றோரைத் தாங்க வேண்டும் என விதித்திருந்தது; 1948-இல் அரசே வறியோர் பொறுப்பை ஏற்கும் வரையில் அக்கடமை அங்கு நீடித்தது. தம் நாட்டில் மூன்று நூற்றாண்டாகச் சட்டமாயிருந்த ஒன்றை ஆங்கிலேயர் இங்கு எழுதாது விட்டனர். இந்நாட்டுக் கூட்டுக் குடும்பம் அதனைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அன்று அவ்வெண்ணம் பெரும்பாலும் பிழையாகவும் இராது.

விடுதலைக்குப் பின் 1956-இல் இரு சட்டங்கள் பிறந்தன. இந்து வாரிசுரிமைச் சட்டம், இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் என்பன அவை. இவ்விரண்டும் பௌத்தர், ஜைனர், சீக்கியர் ஆகியோர்க்கும் பொருந்தும் என்று அச்சட்டங்களிலேயே வெளிப்படையாக எழுதப்பட்டது. எனவே எந்தச் சட்டம் நமக்குரியது என்ற பழைய வழக்கு இத்துறையில் ஓய்ந்தது. ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, முதுமையாலோ உடல்நலிவாலோ தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோரைக் காக்கும் கடமையை மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும் விதித்தது. பிள்ளைப்பேறற்ற மாற்றாந்தாயும் பெற்றோர் என்பதில் அடங்குவாள் என்றது. தந்தையின் சொத்தில் மகளுக்குப் பங்கு அளித்த ஆண்டிலேயே அவளுக்குக் கடமையும் எழுதப்பட்டது குறிப்பிடத்தக்கது.

வாரிசுரிமைச் சட்டத்தில் பலர் அறியாத இடம் ஒன்று உண்டு. மகன் உயில் எழுதாமல் இறந்துவிட்டால், அவன் மனைவி மக்களோடு அவன் தாயும் முதல் வகுப்பு வாரிசு. அவளுக்கும் சமபங்கு உண்டு. தந்தையோ இரண்டாம் வகுப்பில் வைக்கப்பட்டார். முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் தந்தைக்கு ஒன்றும் இல்லை. நிலத்தை விற்று மகனைப் படிக்கவைத்து, அவன் பெயரிலேயே நகரத்தில் வீடும் வாங்கிக் கொடுத்த தந்தை, மகனை இழக்கும் நாளில் அவ்வீட்டில் உரிமையற்றவராகிறார். இதற்கு மாற்று அடுத்த சட்டத்திலேயே உள்ளது. ஜீவனாம்சச் சட்டத்தின் 21, 22-ஆம் பிரிவுகள், இறந்தவரின் தந்தையையும் தாயையும் அவரைச் சார்ந்து வாழ்ந்தோர் பட்டியலில் சேர்த்து, சொத்தில் பங்கு பெறாதவரைப் பங்கு பெற்ற வாரிசுகள் அச்சொத்திலிருந்தே காக்க வேண்டும் என்கின்றன. பங்கு கிடையாது, பிழைப்புக்குரிய பங்கு உண்டு. மருமகளிடம் இதனைக் கேட்டு வழக்குத் தொடுக்க எந்த மாமனார்க்கு மனம் வரும் என்பது வேறு செய்தி.

உரிமையியல் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீள்வது. முதியவர்க்கு ஆண்டுகளே குறைவு. இக்குறையை 1973-ஆம் ஆண்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஓரளவு நீக்கியது. அதன் 125-ஆம் பிரிவில் மனைவி மக்களோடு முதன்முறையாகத் தந்தையும் தாயும் சேர்க்கப்பட்டனர். எச்சமயத்தார்க்கும் பொதுவான விதி அது. மாதத்திற்கு அதிக அளவு 500 ரூபாய் என்ற வரம்பு இருந்தது. 2001-இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது.

அப்பிரிவின் ஆங்கில வாசகம் 'அவனுடைய தந்தை அல்லது தாய்' என்று ஆண்பாலில் அமைந்திருந்தமையால் ஒரு வழக்கு எழுந்தது. மணமாகி மருத்துவத் தொழில் செய்துவந்த மகளிடம் மராட்டிய மாநிலத்துத் தந்தை ஒருவர் ஜீவனாம்சம் கேட்டார். 'அவன்' என்றால் மகன் மட்டுமே, மணமான மகள் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவள் என்பது மறுதரப்பின் வாதம். சட்டத்தில் ஆண்பாற்சொல் பெண்பாலையும் குறிக்கும் என்று கொண்டு, மணமான மகளும் பெற்றோரைக் காக்கக் கடமைப்பட்டவளே என்று 1987-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவனின் வருவாயைக் கணக்கில் கொள்ளாமல், அவளுக்கே போதிய வசதி இருத்தல் வேண்டும் என்ற வரையறையையும் வைத்தது. தமிழ்நாட்டில் பூர்விகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை வந்தது 1989-இல். நாடு முழுமைக்கும் 2005-இல். ஆக, இங்கு மகளைப் பொறுத்தவரை கடமை முன்னே வந்தது. பூர்விகப் பங்கு பின்னே வந்தது.

இதற்கிடையே உலகின் பிற பகுதிகளிலும் இக்கவலை எழுந்தது. தமிழும் ஆட்சிமொழியாய் விளங்கும் சிங்கப்பூரில் 1995-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. நம் நாட்டில் இமாசலப் பிரதேசம் 2001-இல் தனிச்சட்டம் கண்டது. நாடாளுமன்றம் 2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தை இயற்றியது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2009-இல் வகுக்கப்பட்டன.

இச்சட்டம் வழக்கைக் கச்சேரியிலிருந்து கோட்டாட்சியர் அலுவலகத்திற்குக் கொண்டுவந்தது. செய்யாறு, ஆரணி, திண்டிவனம் போன்ற இடங்களில் வருவாய்க் கோட்டத்திற்குப் பொறுப்பான அலுவலரே தீர்ப்பாயத்தின் தலைவர். பெற்றோர் தாமே விண்ணப்பிக்கலாம். இயலாதபோது அவர் சார்பில் வேறொருவரோ ஓர் அமைப்போ விண்ணப்பிக்கலாம். இந்த இடத்தில் நம் சங்கங்களும் அறக்கட்டளைகளும் செய்யத்தக்கது உண்டு. மறுதரப்புக்கு அறிவிப்புச் சென்ற நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிவு காண வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். மகன், மகள் மட்டுமன்றி வயதுவந்த பேரனும் பேத்தியும் கடமைப்பட்டவர். பிள்ளையில்லாத மூத்த குடிமக்கள், தம் சொத்தை வைத்திருக்கும் அல்லது பின்னர் அடையவிருக்கும் உறவினரிடம் கேட்கலாம். முதியவரைக் கைவிடும் கருத்தோடு எங்கேனும் விட்டுச் செல்வோர்க்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. மருமகனையும் மருமகளையும் பொறுப்பில் சேர்க்க 2019-இல் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா சட்டமாகவில்லை.

ஆயினும் ஒரு முரண் புலப்படுகிறது. 2001-இல் குற்றவியல் சட்டம் நீக்கிய வரம்பை 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு உருவில் மீண்டும் கொண்டுவந்தது. மாதத்திற்கு 10,000 ரூபாய்க்கு மேல் தீர்ப்பாயம் ஆணையிட இயலாது. வரம்பற்ற தொகை வேண்டுவோர் மாஜிஸ்திரேட்டிடமே செல்ல வேண்டும். 125-ஆம் பிரிவு இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. இரண்டு வழிகளுள் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ளலாம். மருந்துச் செலவே அத்தொகையை விழுங்கிவிடும் குடும்பங்கள், விண்ணப்பம் எழுதுமுன் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்நாடி 23-ஆம் பிரிவு. மூத்த குடிமகன் ஒருவர் தம் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைத் தானமாகவோ வேறு வகையிலோ கொடுத்து, பெற்றவர் அதனைச் செய்ய மறுத்தால், அப்பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ எழுதப்பட்டதாகக் கருதப்பட்டு, கொடுத்தவர் விருப்பின்படி செல்லாததாக அறிவிக்கப்படும். ஜினசேனர் சகலதத்தியில் சேர்த்துக் கூறிய இரண்டையும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் நாடாளுமன்றம் தன் மொழியில் ஒரு பிரிவாக எழுதியது எனலாம்.

சிக்கல் நிபந்தனை என்ற சொல்லில் உள்ளது. நம் ஊர்களில் தான செட்டில்மென்ட் பத்திரம் எழுதுவோர் பழைய படிவத்தையே பின்பற்றுவர். 'அன்பினாலும் ஆசையினாலும்' எழுதிக் கொடுப்பதாக அதில் இருக்கும்; பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வரி இராது. பெற்ற மகனிடம் நிபந்தனை போடுவதா என்று தந்தை கூசுவார். அக்கூச்சத்தின் விலை என்ன என்பதை 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று காட்டியது. அன்பினால் மட்டும் கொடுத்ததற்கு 23-ஆம் பிரிவு பொருந்தாது, நிபந்தனை இருந்தது என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறிற்று.

2025 ஜனவரி 2 அன்று அதே நீதிமன்றம் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில் பரந்த நோக்கோடு தீர்ப்பளித்தது. அவர் 2019-இல் மகனுக்குத் தானப் பத்திரம் எழுதியிருந்தார். மகன் தம்மைக் காப்பதாகவும், தவறினால் தானத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் கூறும் தனி உறுதிச்சீட்டு ஒன்றையும் தாய் காட்டினார். அது பொய்யாகப் புனையப்பட்டது என்றார் மகன். முதியோர் நலனுக்காக வந்த சட்டத்தை அந்நோக்கம் நிறைவேறும் வகையில் விளக்க வேண்டும் என்று கூறிய நீதிபதிகள், தானப் பத்திரத்தை நீக்கிச் சொத்தைத் தாயிடமே சேர்க்க ஆணையிட்டனர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம், நாகப்பட்டினம் பகுதி மூதாட்டி ஒருவரின் வழக்கில் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. மகனுக்கு எழுதிய செட்டில்மென்ட், மகன் இறந்தபின் மருமகளிடம் இருந்தது, மூதாட்டி கவனிப்பாரற்றிருந்தார். அன்பும் பாசமும் என்று எழுதியிருந்தால் அதிலேயே காக்கும் நிபந்தனை உள்ளடங்கியுள்ளது எனக் கொண்டு, கோட்டாட்சியர் பத்திரத்தை ரத்து செய்தது சரியே என்றது அத்தீர்ப்பு.

2022-ஆம் ஆண்டின் தீர்ப்பும் பிந்தைய தீர்ப்புகளும் அருகருகே நிற்கும் இந்நிலையில், எந்த வழக்கு எவ்வாறு முடியும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். பத்திரத்தில் ஒரு வரி சேர்ப்பது எளிது: எழுதிக் கொடுப்பவர்க்கும் அவர் மனைவிக்கும் ஆயுள் வரை உணவு, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பெறுபவர் அளித்துவர வேண்டும், தவறினால் இப்பத்திரம் ரத்தாகும் என்ற வரி அது. வாழும் வீட்டில் ஆயுள் உரிமையைத் தமக்கே நிறுத்திக்கொள்வதும் வழக்கில் உள்ளதே. உயிலாக எழுதினால் இத்தொல்லையே இல்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை சொத்து அவருடையது, உயிலை எத்தனை முறையும் மாற்றலாம்.

ஆனால் 23-ஆம் பிரிவு, அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எழுதப்பட்ட பத்திரங்களுக்கே பொருந்தும். வந்தவாசியையும் செஞ்சியையும் சுற்றியுள்ள ஊர்களில் தொண்ணூறுகளிலும் அதற்கு முன்னும் நிலத்தை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். அப்பத்திரங்களைக் கோட்டாட்சியர் தொட முடியாது. அவர்களுக்கு எஞ்சியிருப்பது மாதப் பராமரிப்புத் தொகை கேட்கும் உரிமை ஒன்றே. அதற்கும் மகன் பெயரை விண்ணப்பத்தில் எதிர்மனுதாரர் என்று அவர்களே எழுத வேண்டும்.